எத்தனை உலை

நகரத்தின் எதிர்காலத்தை நான் மஞ்சள் பென்சிலால் தீட்டியவன். பகிடி இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. மன்னார்த் தீவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நான் அப்போது படவரைஞன். வீடுகள் வரவேண்டிய இடங்களுக்கு மஞ்சள், கடைத்தெருவுக்குச் சிவப்பு, மாரியில் தண்ணீர் நிற்கும் உவர்நிலத்துக்கு நீலம். கொழும்பில் இதையெல்லாம் கணினியில் செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு வந்துசேர்ந்த கணினிக்கு வரைபடத்தைத் திறக்கும் தெம்பு இருக்கவில்லை. அது திறந்து முடிவதற்குள் நான் ஒரு வட்டாரத்தையே தீட்டி முடித்துவிடுவேன்.

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்திலிருந்து ஆட்கள் திரும்பினார்கள், வன்னியிலிருந்து திரும்பினார்கள், இந்திய முகாம்களிலிருந்து திரும்பினார்கள். பழைய வரைபடத்தில் இருந்த வீடுகளில் பாதி நிலத்தில் இல்லை. நிலத்தில் இருந்த தகரக் கொட்டில்களில் ஒன்றுகூட வரைபடத்தில் இல்லை. இந்த நிலையில்தான், வருகிற இருபது வருடத்துக்கு இந்த ஊருக்கு எத்தனை வீடு வேண்டும், அவற்றை எங்கே கட்டலாம் என்று ஒரு திட்டம் தயாரிக்கும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இன்றைக்குப் படுக்க இடமில்லாதவனைப் பிடித்து, இருபது வருடம் கழித்து எங்கே படுப்பாய் என்று கேட்கிறார்களே என்று கந்தோரில் எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இடிந்தவற்றைத்தான் அளந்திருக்கிறேன். வரப்போவதை அளக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தத் திட்டத்தால் என் அக்காவின் இளைய மகளுக்கு வீடு இல்லாமல் போயிற்று. அதில் என் கையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா யுத்தம் மூண்ட காலத்தில் மூத்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்தானோடு வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவள். இளையவள் அங்கே முகாமில் பிறந்தாள். மூத்தவளுக்கு முகாமிலேயே கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை வெள்ளாங்குளத்துப் பையன், அவனும் அகதி. கலியாணப் பேச்சில் அத்தான் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: ஊருக்குத் திரும்பியதும் பிள்ளைக்கு வீடு. இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், அம்மாவின் காணியில் அத்திவாரக் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கொட்டில் போட்டு, நடுவில் கிடுகு மறைப்பு வைத்து, ஒரு பக்கம் அக்காவும் அத்தானும் இளையவளும், மறுபக்கம் மூத்தவளும் புருஷனும் கைக்குழந்தையுமாக இருந்தார்கள். நான் பெண்சாதியின் சீதன வீட்டில், இரண்டு தெரு தள்ளி, ஓட்டுக் கூரைக்குக் கீழ் படுத்துறங்கினேன். அது எனக்கு எப்போதும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளைக் கட்டிக்கொடுத்தால் வீட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்த வீட்டின் ஒரு மூலையில் தாய் தகப்பன் ஒதுங்கிக்கொள்வார்கள். இது நல்லதா கெட்டதா என்று வாதாட எனக்குத் தெரியாது. நான் சொல்ல வருவது வேறு. எங்கள் ஊரின் எதிர்கால வீட்டுத் தேவையைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். எத்தனை பெண் பிள்ளைகள், என்ன வயது என்று வீடு வீடாகக் கேட்டால் போதும், இருபது வருடத்துக்குரிய விடை வந்துவிடும்.

இதை நான் கூட்டத்திலும் சொன்னேன். திட்டத்தைத் தயாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நாங்கள் 'மிஸ்' என்போம். வயதில் என்னைவிட நன்றாக இளையவர். சிங்களம் பேசுபவர், என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பார், தெருவில் சனங்களைக் கண்டால் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லையும் விடாமல் சொல்லிவிடுவார். நல்ல மனுஷி. நான் சொன்னதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கீழே கோடும் போட்டார். பிறகு, "நல்ல யோசனை, ஆனால் படிவம் அச்சடித்தாகிவிட்டது" என்றார்.

படிவத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடம் இருக்கவில்லை. குடும்பங்களுக்குத்தான் இடம் இருந்தது. ஒரு கூரையின் கீழ் எத்தனை குடும்பம் என்பதை எப்படி அறிவது? அதற்கும் விளக்கம் போட்டிருந்தார்கள்: ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இரண்டு உலை வைத்தால் இரண்டு குடும்பம், அதாவது ஒரு வீடு போதாது, இன்னொன்று தேவை. வாசித்தபோது நானும் தலையாட்டினேன். சுலபமான விளக்கம், போய்க் கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உலை என்ற சொல் எங்கள் ஊரில் என்ன பாடு படும் என்று கொழும்பிலிருந்து வந்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாமல் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு கட்டளையும் இருந்தது. இந்தக் கணக்கை வைத்துத்தான் வீடுகள் ஒதுக்கப்படும் என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. சொன்னால் சனங்கள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வார்கள். நான் அந்தக் கட்டளையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். வேறு இடங்களில் என் கூட்டாளிகள் சாடைமாடையாகச் சொல்லித்தான் இருக்கிறார்கள், அது பிறகு தெரியவந்தது. நான் என் சொந்த அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நாளைக்கு அந்தத் தெருவுக்குக் கணக்கெடுக்க வருகிறோம் என்று தெரிந்தும், வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நேர்மை. எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணியளவில் மிஸ்ஸும் நானும் அந்த ஒழுங்கைக்குள் இறங்கினோம். முதல் ஏழெட்டு வீடுகளில் ஒரே பதில். எத்தனை உலை? ஒன்று. மூன்று கலியாணமான பிள்ளைகள் இருந்த வீட்டிலும் ஒன்று. ஒரு வீட்டில் மாமியார் முன் படலையிலும் மருமகள் பின் படலையிலும் நின்று, இரண்டு பேருமே "ஒண்டுதான்" என்றார்கள். மிஸ்ஸுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. கொழும்பில் அண்ணனும் தம்பியும் ஒரு சுவருக்குள் இருக்கமாட்டார்கள், இங்கே எவ்வளவு ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் ஏதோ நானே அந்த ஒற்றுமையை உண்டாக்கினவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அக்காவின் கொட்டிலுக்குக் கொஞ்சத் தூரத்திலேயே எனக்கு இரண்டு புகை தெரிந்தது. ஒன்று கொட்டிலின் பக்கச் சார்ப்பிலிருந்து. மற்றது பின்னால், தறப்பாள் கட்டிய இடத்திலிருந்து. மூத்தவள் இரண்டு மாதமாகத் தனியாகச் சமைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். குழம்பில் புளி கூடிப்போனது என்று மருமகன் ஒருநாள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினானாம். அக்கா ஏதோ சொல்ல, அவன் ஏதோ சொல்ல, மூத்தவள் மூன்று கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். வெளியில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அக்கா என்னிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். உலை பிரிந்த வீடு என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: மாமியும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை. அந்த நேரம் பார்த்து இளையவளுக்கு முருங்கனில் ஒரு நெல் வியாபாரி வீட்டில் கலியாணப் பேச்சு. சண்டைக்கார வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

எங்களைக் கண்டதும் அக்கா எழும்பினாள். பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றிய நெருப்பின் சத்தம் கேட்டது. மூத்தவள் கல்லின் மேல் ஒரு ஓலைக் கடகத்தைக் கவிழ்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முன்னுக்கு வந்து நின்றாள்.

"எத்தனை உலை?" என்று மிஸ் தன் தமிழிலேயே கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அதற்குள் பாடமாக்கியிருந்தார்.

"ஒண்டுதான் மிஸ். நாங்கள் பிரிஞ்சு சமைக்கிற ஆக்கள் இல்லை" என்றாள் அக்கா. "மருமோனும் எங்களோடதான். என்ர மோன் மாதிரி. தம்பியைக் கேட்டுப் பாருங்கோ."

மிஸ் என்னைப் பார்த்தார். கடகத்தின் ஓட்டைகளால் ஈரப் புகை வந்துகொண்டிருந்தது. நான் சொல்லியிருக்கலாம். "இரண்டு" என்று ஆங்கிலத்தில் ஒரு சொல், அக்காவுக்கு விளங்கியும் இராது. ஆனால் சொந்த அக்காவுக்கு ஒரு வீடு கூட்டிப் போட்டான் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? வெளியாளுக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சண்டையை ஏன் அவிழ்க்க வேண்டும்? இரண்டும் சேர்ந்து என் வாயைக் கட்டிப்போட்டன. ஒன்று என்று நானே எழுதினேன். அக்கா கையெழுத்து வைத்தாள். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.

இதோடு முடிந்திருந்தால்கூட ஏதாவது வழி இருந்திருக்கும். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. அதிகாரிக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு மனம் கேட்கவில்லை. அன்றைக்கே மூத்தவளைக் கூப்பிட்டு, "நான் சொன்ன சொல் பொய்யாய்ப் போகக்கூடாது பிள்ளை, வா, வந்து இஞ்சயே சாப்பிடுங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். மருமகனுக்கும் தானே போய்ச் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறாள். புளியைக் குறைத்து வைத்தாளாம். இரண்டு மாதம் முகம் பாராமல் இருந்தவர்கள் ஒரே பாயில் இருந்து சாப்பிட்டார்கள். பின்னால் இருந்த கற்களை அத்தான் கோழிக்கூட்டுக்கு முட்டாக வைத்தார். அடுத்த ஞாயிறு நான் போனபோது வீடு கலகலவென்று இருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்றே நானும் நினைத்தேன்.

திட்டம் ஒரு வருடத்துக்குள் தயாராயிற்று. எங்கள் வட்டாரத்தில் கூரைகளும் குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. அதனால் எங்கள் பக்கத்துக்கு நான் தீட்ட வேண்டியிருந்த மஞ்சள் மிகக் கொஞ்சம். தீட்டும்போதே கை கூசியது. இந்த வட்டாரத்தில் கலியாண வயதில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்தவன் நான். மிஸ்ஸிடம் போய், இந்த எண்ணிக்கை பிழை, சனங்கள் வெட்கத்தில் மறைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் படிவக் கட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, "ஒவ்வொரு படிவத்திலும் உங்கள் கையெழுத்து இருக்கிறதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது.

பிறகுதான் வீட்டுத்திட்டம் வந்தது. கல்வீடு, பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு ஒன்று. பட்டியல் எங்கே? எங்களிடம்தான், ஆயத்தமாக இருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று ஒழுங்கை முழுவதும் கந்தோருக்கு வந்துவிட்டது. "உலையைக் கேட்டது வீட்டுக்கோ? அப்ப ஏன் சொல்லேல்லை?" என்று ஒரு மனுஷி என் மேசையில் அடித்துக் கேட்டாள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், குழு வந்து பார்க்கும் என்று சொன்னேன்.

குழு வருவதற்குள் எங்கள் வட்டாரத்தில் அடுப்புகள் காளான் மாதிரி முளைத்தன. வேலியோரம் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. புதுச் சீமெந்துக் கல், ஒரு பொட்டுக் கரி இல்லை. ஒரு வீட்டில் அடுப்புக்கல்லில் கடைக்காரன் சோக்கட்டியால் எழுதிய இலக்கம்கூட அழியாமல் இருந்தது. குழுவில் வந்த பெரியவர் குனிந்து கல்லைத் தொட்டு, விரலை என்னிடம் காட்டி, சிரித்தார். நானும் அவருக்குப் பின்னால் நின்று சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. அவமானத்தில் பிரிந்த உண்மையான உலைகளும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தன. எது எதென்று யார் பிரித்துக் காட்டுவது?

அக்கா மட்டும் அடுப்பு வைக்கவில்லை. நான் முதல்நாளே போய் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தியிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அண்டைக்கு நான் ரெண்டு எண்டு சொல்லியிருந்தா இளையவளுக்கும் வீடு?"

"ஓம் அக்கா."

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ கந்தோர் ஆள், உனக்கு உன்ர வேலை" என்று மட்டும் சொன்னாள். மருமகன்தான் எழும்பி, கோழிக்கூட்டடிக்குப் போய் அந்தக் கற்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய கரி இருக்கிறது மாமி, திரும்ப வைப்போம், பொய் இல்லையே என்றான். அக்கா விடவில்லை. "உங்களோட உப்பு, புளி எண்டு சண்டை பிடிச்சது போதும் தம்பி. திரும்பப் பிரிஞ்சு காட்ட எனக்கு ஏலாது" என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் சண்டை இருந்த காலத்தில் இரண்டு வீட்டுக்கு உரிமை இருந்தது. சமாதானம் வந்தபோது உரிமை போய்விட்டது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குழுவின் முடிவு ஒரு பக்கக் கடிதமாக வந்தது. புதிய அடுப்புகள் எதையும் ஏற்க முடியாது. முதல் கணக்கெடுப்பே இறுதியானது. அன்றைக்கு இரண்டு உலை இருந்தது என்று அக்கா எழுதிய ஆட்சேபத்துக்குத் தனிப் பதில்: நேரில் பார்த்தபோதும் ஒரே உலைதான் இருந்தது.

இனி வீடு யார் பெயரில் என்ற கேள்வி. மூத்தவளுக்குக் கொடுத்த வாக்கு பழையது. அவளுக்கு இரண்டாவதும் வயிற்றில். அத்தான் இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல் கடற்கரையில் போய் இருந்தார். அக்காதான் முடிவு சொன்னாள், மூத்தவளுக்கென்று. முருங்கனிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்தார். நகை வேண்டாம், காசு வேண்டாம், ஒரு வீடு மட்டும் என்று சொல்லியிருந்தவர். தேத்தண்ணீரைக் குடித்தார், இளையவளின் தலையைத் தடவினார், போகும்போது "பாப்பம்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பாப்பம் என்றால் அதற்குப் பிறகு யாரும் அவர்கள் வரும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பதில்லை.

வீடு மூத்தவளின் பெயரில் பதியப்பட வேண்டுமானால், வீட்டிலுள்ள மற்ற வயது வந்தவர்கள் தங்களுக்கு உரிமையோ ஆட்சேபமோ இல்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதை ஒரு உத்தியோகத்தர் முன்னிலையில் செய்ய வேண்டும். எங்கள் வட்டாரத்துக்கு உத்தியோகத்தர் நான். வேறொருவரை அனுப்பும்படி கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள். ஒரு மத்தியானம் படிவங்களோடு போனேன். அக்கா கையெழுத்து வைத்தாள், அத்தான் வைத்தார். இளையவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். படிவத்தை முழுவதும் வாசித்தாள். முகாம் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பிள்ளை, அழகான கையெழுத்து. போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா, இந்தத் திட்டத்தைத் திரும்ப எப்ப எழுதுவாங்க?" என்று கேட்டாள். முகாமில் வளர்ந்ததால் அவளுடைய பேச்சு அப்படித்தான்.

"பத்து வருஷத்துக்கு ஒருக்காத் திருத்துவினம் எண்டு போட்டிருக்கு பிள்ளை."

அவள் பேனையை மூடி என்னிடம் நீட்டினாள்.

"அப்ப எனக்கு முப்பத்துநாலு" என்றாள்.

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கேட்டதற்கு விடை சரிதானா என்று பார்ப்பவளைப்போல என்னைப் பார்த்தாள். கணக்குச் சரிதான். நான் தலையை ஆட்டினேன். அவளுடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடையதை வைத்தேன்.